நார்டிக் நடைக்குக் கம்பு வாங்கும்போது முதலில் பட்டையைப் பாருங்கள்

புளியரைப் பக்கம் இருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 62, உயரம் 168 செ.மீ. மதினிக்கு 57, உயரம் 152 செ.மீ. மதினிக்குச் சர்க்கரை உண்டு, வலது தோள்பட்டையை முழுசாகத் தூக்க வராது. கொச்சியில் வேலை பார்க்கும் மகன் ஒரு ஜோடி மலையேற்றக் கம்பு வாங்கித் தந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தார் ரோட்டில் நடந்ததில் மணிக்கட்டு வலிக்கிறது, பெருவிரல் இடுக்கில் கொப்புளம், போகிற வழியெல்லாம் டக் டக் என்று சத்தம், அடியில் இருக்கும் ரப்பரும் வழுக்குகிறது. இரண்டு கையிலும் கம்பு பிடித்துப் பின்னால் தள்ளி நடக்கும் நார்டிக் நடைக்கென்று தனிக் கம்பு இருக்கிறதா, கார்பன்தான் வாங்க வேண்டுமா, என்ன நீளம், ஒரு ஜோடியையே இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தனிக் கம்பு இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் கையில் இருப்பதும் நல்ல கம்பாகவே இருக்கலாம், ஆனால் அதன் வேலை வேறு. மலையேற்றக் கம்பை உடம்புக்கு முன்னால், ஏறக்குறைய நேராக ஊன்றி மேலிருந்து அமுக்குவோம். ஏற்றத்தில் தாங்கலுக்கும் இறக்கத்தில் முட்டுக்கும் அது. நார்டிக் கம்பு பின்னால் தள்ளுவதற்கு. இடது குதிகால் தரையைத் தொடும் நேரத்தில் வலது கைக் கம்பின் முனை இரண்டு பாதங்களுக்கும் இடையில் எங்கோ சாய்வாகப் பதியும். கைப்பிடி முன்னால், முனை பின்னால். அங்கிருந்து கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகிற வரைக்கும் தள்ள வேண்டும். தள்ளி முடிக்கிற இடத்தில் உள்ளங்கை திறந்துவிடும், கம்பு கையில் மாட்டிய பட்டையில் தொங்கும், பிறகு தானாக முன்னால் வரும்.

பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடை மாதங்களில் கம்போடு நடந்து பயிற்சி எடுத்ததில் இருந்து வளர்ந்த நடை இது. 1997-இல் எக்ஸெல் என்ற பின்லாந்து நிறுவனம் இந்த நடைக்கென்றே ஒரு கம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பட்டை, பிடி, முனை எல்லாமே சறுக்குக் கம்பின் வழிவந்தவை. மலையேற்றக் கம்பைக் கொஞ்சம் மாற்றி நார்டிக் கம்பு ஆக்க முடியாததற்கு அதுதான் காரணம். 2002-இல் வெளியான அமெரிக்காவின் கூப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில், அதே வேகத்தில் வெறுங்கையோடு நடப்பதைவிட நார்டிக் கம்போடு நடக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சராசரியாக 20 சதவீதம் கூடியது. கை நிஜமாகவே தள்ளினால்தான் அந்தப் பலன். கம்பைச் சும்மா தூக்கிக்கொண்டு நடந்தால் கிடைக்காது. மூட்டில் விழும் பாரம் பாதியாகக் குறையும் என்று சொல்லி விற்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். சமதள நடையில் முழங்கால் பாரம் குறைகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "கார்பனா, அலுமினியமா?". அடுத்தது விலை. பட்டையைக் கடைசியில்தான் பார்ப்பார்கள், சிலர் பார்க்காமலே வாங்கிவிடுவார்கள். என் கணக்கில் வரிசை தலைகீழ்: முதலில் பட்டை, பிறகு நீளம், பிறகு முனையும் ரப்பரும். தண்டு என்ன பொருள் என்பது எல்லாவற்றுக்கும் பின்னால். உங்களுக்கு வந்த மணிக்கட்டு வலியும் கொப்புளமும் பட்டையால் வந்தவை.

மலையேற்றக் கம்பில் இருப்பது வெறும் வளையம். அதில் கையை நுழைத்துப் பின்னால் தள்ளினால் கை வழுகாமல் இருக்கப் பிடியை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் காலடி. அதில் பாதித் தடவை ஒவ்வொரு கையும் இறுக்கிப் பிடித்து விடுகிறது. மணிக்கட்டும் முன்கையும் வலிக்காமல் என்ன செய்யும்? நார்டிக் பட்டை விரல் இல்லாத அரைக் கையுறை மாதிரி இருக்கும். பெருவிரலுக்கு ஓட்டை, புறங்கையைச் சுற்றி அகலமான துணி, மணிக்கட்டில் வெல்க்ரோ. தள்ளும் விசை உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருந்து பட்டை வழியாகக் கம்புக்குப் போகும். விரல்கள் பிடியை வழிகாட்டினால் போதும், இறுக்க வேண்டியதே இல்லை.

பட்டை சரியா என்று பார்க்க ஒரு சோதனை. மாட்டி, வெல்க்ரோவை ஒட்டி, கையை உடம்புக்குப் பின்னால் நீட்டி விரல்களை முழுசாக விரியுங்கள். கம்பு உள்ளங்கையை விட்டு வெகுதூரம் விலகித் தொங்கினால் பட்டை தொளதொளப்பு. பெருவிரல் இடுக்குக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தால் சரி. கையை முன்னால் கொண்டுவரும்போது தேடாமலே பிடி உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும். வெல்க்ரோவை இறுக்கிய பிறகு விரல் நுனி மரத்தாலோ, புறங்கையில் நரம்பு புடைத்தாலோ அளவு சின்னது. பெரும்பாலான நிறுவனங்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வைத்திருக்கின்றன. ஒரே ஜோடிக் கம்பை வாங்கினாலும் உங்களுக்கும் மதினிக்கும் தனித்தனிப் பட்டை வேண்டியிருக்கும். இடது பட்டை, வலது பட்டை வேறு வேறு; மாற்றி மாட்டினால் பெருவிரல் இடுக்கில் தையல் உரசிக் கொப்புளம் வரும். நம் ஊர் வேர்வைக்கு மெத்தென்று பஞ்சு வைத்த பட்டையைவிட வலைத்துணிப் பட்டை நல்லது, சீக்கிரம் காயும்.

பட்டையைப் பிடியில் இருந்து கழற்றும் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். லேக்கி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் டிரிக்கர் முறை இதில் பெயர் பெற்றது. மற்ற நிறுவனங்களும் இதே மாதிரி ஏதாவது ஒன்று வைத்திருக்கின்றன. பொத்தானை அமுக்கினால் பட்டை கையிலேயே இருக்க, கம்பு மட்டும் கழன்றுவிடும். தண்ணீர் குடிக்க, போன் எடுக்க, மூக்கைத் துடைக்க ஒவ்வொரு முறையும் வெல்க்ரோவைப் பிய்க்க வேண்டியதில்லை. கழற்றும் பொத்தானைச் சொகுசு என்று நினைக்க வேண்டாம். கம்போடு விழுந்தால் பெருவிரல் பக்கவாட்டில் இழுபட்டு, அதன் அடியில் இருக்கும் தசைநார் கிழிவது இந்த நடையில் அறியப்பட்ட காயம். பாசி பிடித்த இடம், படிக்கட்டு, வாய்க்கால் தாண்டும் இடம் என்று வந்தால் கம்பைக் கழற்றி ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நார்டிக் பிடி ஒல்லியாக இருக்கும், விரலுக்குப் பள்ளமோ அடியில் கை உட்கார அகலமான மேடோ இருக்காது. தக்கை மூடிய பிடி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும். மொழுமொழு பிளாஸ்டிக் பிடி, காலை ஏழு மணிக்கே வேர்க்கிற சித்திரை வைகாசியில் வழுக்கும். மதினியின் கை சின்னதாக இருந்தால் ஒல்லிப் பிடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி நீளம். பொதுவான கணக்கு, உயரத்தை 0.68-ஆல் பெருக்குவது. உங்களுக்கு 168 பெருக்கல் 0.68, ஆக 114.24. மதினிக்கு 152 பெருக்கல் 0.68, ஆக 103.36. நீளம் மாறாத கம்புகள் 5 செ.மீ. இடைவெளியில்தான் வரும்: 100, 105, 110, 115 என்று. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறைந்த அளவை எடுப்பது நல்லது. நீளம் கூடிய கம்பு முழங்கையை மேலே தள்ளும், தோள் காதை நோக்கி ஏறும், ஒரு மாதத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் குட்டையான கம்பில் காலடி சின்னதாகும், தள்ளும் விசை குறையும், அவ்வளவுதான் நஷ்டம். அதனால் உங்களுக்கு 110, நன்றாகப் பழகிய பிறகு விருப்பப்பட்டால் 115. மதினிக்குத் தோளை முழுசாகத் தூக்க வராததால் 100. அவருக்கு 105-ஐ யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கு சராசரிக் கைகால் நீளத்துக்கு. கால் நீண்டு முதுகு குட்டையாக இருப்பவர்களுக்கும், வயதில் முதுகு வளைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் போகும். கடைக்குப் போகும் முன்பே வீட்டில் பார்த்துவிடலாம். ஓர் ஒட்டடைக் கம்பை எடுங்கள். நடக்கும்போது போடும் ஷூவையே போட்டுக்கொண்டு சுவரை ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். செருப்போடு அளந்தால் கணக்குத் தப்பும், ஷூ அடிப்பாகமே இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தும். மேல்கையை விலாவோடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, நேராக நிற்கும் கம்பை மூடிய கைக்குள் பிடியுங்கள். தோளைத் தூக்கக் கூடாது. மூடிய கைக்கு மேலே இரண்டு விரல்கடை விட்டு, மதினியை ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தரையில் இருந்து அந்தக் கோடு வரை உள்ள அளவுதான் உங்கள் கம்பின் முழு நீளம். முன்கை தரைக்குச் சமமாகவோ லேசாகக் கீழ்நோக்கிச் சரிந்தோ இருக்கலாம், மேல்நோக்கி ஏறக் கூடாது. 0.68 கணக்கில் வந்ததற்கும் இதற்கும் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே வந்தால் ஒட்டடைக் கம்பு காட்டியதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாதம் மாட்டினால் ஓரிரண்டு செ.மீ. கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் பெரும்பாலும் ரோட்டில்தான் நடக்கப் போகிறீர்கள் என்றால் ரப்பரோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒரே ஜோடியை இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாமா என்றால், நீளம் மாற்றும் கம்பாக இருந்தால் முடியும். 100-க்கும் 110-க்கும் நடுவில் தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் பூட்டு சீக்கிரம் தேயும், பட்டையையும் மாற்ற வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து நடக்கவும் முடியாது. முதல் இரண்டு மாதம் ஒரு ஜோடி நீளம் மாற்றும் கம்பை வைத்து அவரவர் அளவைக் கண்டுபிடியுங்கள். அளவு நிலைத்த பிறகு யார் அதிகம் நடக்கிறாரோ அவருக்கு நீளம் மாறாத ஜோடி ஒன்று வாங்கலாம். மாறாத கம்பு எடை குறைவு, இணைப்பு இல்லாததால் கிணுகிணு என்று அதிராது, பழுதாக அதில் ஒன்றுமில்லை. புனலூருக்கோ கொல்லத்துக்கோ பஸ்ஸில் கொண்டுபோக வேண்டுமென்றால் மட்டும் அது தொந்தரவு.

நீளம் மாற்றும் கம்பில் பூட்டு இரண்டு வகை. தண்டைத் திருகி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பானால் இறுக்குவது ஒன்று, வெளியே நெம்புகோல் வைத்து மடக்கிப் பூட்டுவது இன்னொன்று. வெளிப்பூட்டு வாங்குங்கள். திருகுப் பூட்டில் மணல், ஈரம் போனால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளிப்பூட்டு தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகாணியைக் கால் சுற்று இறுக்கினால் போதும். எந்தப் பூட்டானாலும் கீழ்த்தண்டில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி இழுக்கக் கூடாது. பிறகு கம்பை நட்டு, உடம்பு எடையில் பாதியைப் போட்டு அமுக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கக் கூடாது. மூன்று துண்டாகச் சுருங்கும் கம்பைவிட இரண்டு துண்டுக் கம்பு குலுங்கல் குறைவு. உள்ளே ஸ்பிரிங் வைத்து அதிர்ச்சி தாங்கும் என்று விற்கும் கம்பு நார்டிக் நடைக்கு ஆகாது. நீங்கள் பின்னால் தள்ளும் விசையை ஸ்பிரிங் விழுங்கிவிடும்.

முனையில்தான் நம் பக்கத்து நிலமும் மழையும் பெரிதாகக் குறுக்கே வரும். நார்டிக் கம்பின் அடியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கெட்டிப் பொருளில் செய்த கூர்முனை இருக்கும். செம்மண் பாதை, குளக்கரை, புல், ரப்பர் தோட்டத்துச் சருகு எல்லாவற்றுக்கும் அந்தக் கூர்முனைதான். அது மண்ணைக் கடித்தால்தான் தள்ள முடியும். தார் ரோடு, சிமென்ட் ரோடு, பேவர் பிளாக் என்றால் மேலே ரப்பர் பாதம் மாட்ட வேண்டும். இந்த ரப்பர் வட்டமாக இருக்காது. ஷூ மாதிரி ஒரு பக்கம் நீண்டு, அடிப்பாகம் சாய்வாக இருக்கும். நீண்ட பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். நடப்பவர் மூக்கு ஒரு பக்கம், ரப்பரின் மூக்கு எதிர்ப்பக்கம். முன்னால் பார்க்க மாட்டினால் விளிம்பு மட்டும் தரையைத் தொட்டு வழுக்கும். உங்கள் மலையேற்றக் கம்பின் ரப்பர் வழுக்கியதற்கும் இதே காரணம்தான். அது வட்டக் குப்பி. நேராக ஊன்றினால் முழு அடியும் பதியும், சாய்த்துத் தள்ளினால் ஓரம்தான் பதியும். டக் டக் சத்தமும் அநேகமாக அதனால்தான். ரப்பரைத் துளைத்துக்கொண்டு உள்ளிருக்கும் முனை தாரில் இடிக்க ஆரம்பித்திருக்கும்.

ரப்பர் பாதம் வாங்கும்போது கீழ் முனையின் விட்டத்தை அளந்து கொண்டுபோங்கள். ஒரு நிறுவனத்தின் ரப்பர் இன்னொன்றுக்குச் சேரும் என்று சொல்ல முடியாது. தொளதொள என்று இருந்தால் நூறு அடிக்குள் திரும்பிக்கொள்ளும், மண்ணில் பிடுங்கிக்கொண்டு நின்றுவிடும். இறுக்கமாக இருந்தால் முனையைத் தண்ணீரில் நனைத்துத் திருகித் திருகி ஏற்றுங்கள். பசை போட்டால் மறுமுறை கழற்ற வராது. வாரம் ஒரு தடவை கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். இரண்டு ரப்பரும் பின்பக்கம் சமமாகத் தேய்ந்தால் நடை சரி. ஒன்று மட்டும் பக்கவாட்டில் தேய்ந்தால் அது திரும்பி நிற்கிறது, அல்லது அந்தக் கை குறுக்கே வீசுகிறது. கம்பு வாங்கும்போதே கூடுதலாக இரண்டு ஜோடி ரப்பர் வாங்கிவிடுங்கள். தென்காசியில் தனியாகத் தேடினால் கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கலாம். உதிரிப் பட்டையும் ரப்பரும் தனியாக விற்காத நிறுவனத்தின் கம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆனி, ஆடிச் சாரலில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. சிமென்ட் ரோட்டு ஓரமும் வாய்க்கால் கட்டையும் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். அங்கே ரப்பர் நிற்காது, கூர்முனையும் நிற்காது. கம்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் கால் வைக்காதீர்கள். நனைந்த தார் ரோட்டில் ரப்பர் பரவாயில்லை. குளக்கரை நனைந்தால் ரப்பரைக் கழற்றிவிட்டுக் கூர்முனையோடு போங்கள், ஆனால் களிமண் முனையில் உருண்டை கட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புல்லில் இழுத்துத் துடைத்தால் போதும். இரண்டு கையிலும் கம்பு இருப்பதால் குடை பிடிக்க முடியாது. தலையோடு சேர்ந்த மெல்லிய மழைக்கோட்டு இல்லாமல் சாரல் மாதத்தில் இந்த நடை ஓடாது.

இப்போது தண்டு. கார்பன் கம்புகளில் 20, 50, 100 சதவீதம் என்று எழுதியிருக்கும். மிச்சம் கண்ணாடி இழை. கார்பன் கூடக் கூட எடை குறையும், விறைப்பு கூடும், விலையும் ஏறும். கார்பன் தண்டு, தார் ரோட்டின் அதிர்வைக் கைக்கு அலுமினியம் அளவுக்குக் கடத்தாது. மணிக்கட்டு வலி ஏற்கெனவே வந்திருப்பதால் இது உங்களுக்கு முக்கியம். ஆனால் 100 சதவீதம் தேவையில்லை. 50-ஐ ஒட்டி இருந்தால் நல்ல தண்டுதான். அலுமினியம் அடிபட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பன் வளையாது. கல்லில் பட்டு ஒரு கீறல் விழுந்தால் வெளியே சின்னதாகத் தெரியும், பிறகு ஒருநாள் தள்ளும்போது படக்கென்று அந்த இடத்திலேயே முறியும். கார் கதவில் நசுங்கிய கார்பன் கம்பை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கீறல்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்தக் கம்பின் வேலை முடிந்தது. கரடுமுரடான கல் பாதையில் அதிகம் நடப்பவருக்கு நல்ல அலுமினியமே மேல்.

இரண்டு கம்பும் சேர்ந்து 400 கிராமை ஒட்டி இருந்தால் நல்ல எடை. மொத்த எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பது பெரிசு. அடிப்பக்கம் கனத்தால் ஒவ்வொரு வீச்சிலும் தோள் அதை இழுக்க வேண்டும். கடையில் பிடியின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துக் கம்பை ஊஞ்சல் மாதிரி ஆட்டி விடுங்கள். லேசாகப் போய் லேசாக வந்தால் நல்லது, தலை கனத்த மணி மாதிரி இழுத்தால் வேண்டாம். அடுத்து முனையைத் தரையில் ஒருமுறை இடித்துப் பாருங்கள். கையில் சுருக்கென்று ஒரு தட்டு தெரிந்து அடங்கினால் சரி. ரீங்காரம் மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தால் அரை மணி நேர நடையில் முழங்கை வலிக்கும்.

திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ நேரில் மாட்டிப் பார்த்து வாங்க முடிந்தால் அதுதான் உத்தமம். மகன் ஆன்லைனில் வாங்கித் தருவதாக இருந்தால் அவருக்கு ஓர் எச்சரிக்கை: தேடினால் வருகிற பலவற்றில் நார்டிக் என்ற பெயர் மட்டும்தான் இருக்கும், பொருள் மலையேற்றக் கம்பாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையில் பெருவிரல் ஓட்டையும் இடது வலது அடையாளமும் இருக்கிறதா? ரப்பர் ஷூ வடிவத்தில் சாய்ந்திருக்கிறதா? பிடி ஒல்லியாக, மேடில்லாமல் இருக்கிறதா? ஸ்பிரிங் இல்லையா? ஒன்றில் தவறினாலும் விட்டுவிடலாம்.

கம்பு வந்த முதல் வாரம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முதல் இருநூறு மீட்டர் பட்டையை மாட்டி, கைகளைத் தொங்கவிட்டு, கம்பைப் பின்னால் இழுபட விட்டுச் சும்மா நடங்கள். கை எதிர்க்காலோடு தானாக வீசும். அந்த வீச்சு வந்த பிறகு முனை தரையைக் கடிக்கும் இடத்தில் மட்டும் லேசாகத் தள்ளுங்கள். கணக்குப் பார்த்துக் கையை அசைக்க ஆரம்பித்தால் வலது கையும் வலது காலும் சேர்ந்து போகும். அப்போது நின்று, மறுபடி இழுபட விட்டுத் தொடங்குங்கள். பிறகு வலி எங்கே வருகிறது என்று பாருங்கள், அது காரணத்தைச் சொல்லும். கழுத்தும் தோளும் வலித்தால் கம்பு நீளம். இடுப்பு வலித்து உடம்பு முன்னால் குனிந்தால் கம்பு குட்டை. முழங்கைக்கு வெளிப்பக்கம் வலித்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், இல்லையென்றால் தார் ரோட்டில் ரப்பர் இல்லாமல் நடக்கிறீர்கள். மணிக்கட்டு வலித்தால் பட்டை தளர்வு.

மதினி தொடங்கும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: தோளை எவ்வளவு தூரம் பின்னால் நீட்டலாம், நடை கூடுவதால் மாத்திரை அல்லது இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா. வேலை கூடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை பட்டைக்குள் இருக்கும் என்பதால் குளுக்கோஸோ மிட்டாயோ இடுப்புப் பையில் முன்பக்கம் இருக்கட்டும், முதுகுப் பையில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்ப்பதுபோல உள்ளங்கையையும் பெருவிரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். சர்க்கரை இருப்பவருக்கு ஆறாத கொப்புளம் சின்ன விஷயமல்ல. தோள் வலிக்கும் நாளில் வலது கையை இடுப்பு வரைக்கும் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம், பின்னால் நீட்ட வேண்டியதில்லை. நிற்கவே ஆதாரம் தேவைப்படும் அளவு தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு நார்டிக் கம்பு ஆகாது. அவர்களுக்கு ஊன்றுகோல்தான் சரி.

புளியரையில் இருந்து ஆரியங்காவு போகும் மலை ரோட்டில் மட்டும் நடக்காதீர்கள் அண்ணாச்சி. லாரிப் போக்குவரத்தும் வளைவும், ஓரத்தில் ஒதுங்க இடமில்லாததும் சேர்ந்து, அகலமாகக் கை வீசி நடக்கிற நடைக்கு அது ஆபத்தான ரோடு. விடிந்த பிறகு குளக்கரையோ வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையோ போதும். நாய் குரைத்தால் கம்பை ஓங்க வேண்டாம். இரண்டையும் ஒரு கையில் சேர்த்து உடம்புக்குப் பின்னால் மறைத்து, நின்று, மெதுவாகக் கடந்து போங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. சாரலில் நனைந்து வந்தால் நீளம் மாற்றும் கம்பின் துண்டுகளை முழுசாகப் பிரித்து, துணியால் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி பிரித்தே வையுங்கள். பூட்டு இறுக மறுத்தால் நம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். எண்ணெய் போட்டால் பூட்டு அதற்குப் பிறகு பிடிக்கவே பிடிக்காது, உராய்வில்தானே அது நிற்கிறது. அலுமினியத் தண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து எடுங்கள். பட்டையை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறி விறைத்து அதுவே கொப்புளம் போடும். வெல்க்ரோ ஒட்டாமல் போனால் பழைய பல் பிரஷால் பஞ்சை வாரி எடுங்கள்.

மகன் வாங்கித் தந்த மலையேற்றக் கம்பைத் தூக்கிப் போட வேண்டாம். பண்பொழி திருமலைக்கோவிலுக்குப் படியேறிப் போனால் இறங்கும்போது அதுதான் உதவும். ஏறும்போது முழங்கை செங்கோணமாக மடங்கும் அளவில் வைத்துக்கொண்டு, இறங்கும் முன் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் முதலில் கம்பு, பிறகு வலிக்கிற கால், பிறகு மற்ற கால். கல் படிக்கு அந்த வட்ட ரப்பரையே மாட்டுங்கள், தேய்ந்ததை மாற்றிவிட்டுப் புதிதாக.